வில்லங்கம்

அல்புகெர்க்கியில், குளிரூட்டி இரைகிற அறையில்,
வக்கீல் பெர்னடெட் சொன்னாள்:
"வீடு உன் பெயரில் மட்டும்.
முன்பணம் உன் கணக்கிலிருந்து மட்டும்.
அவர் ஒரு ஆணி வாங்கி வந்தாலும்
அதைப் பிடித்துத் தொங்க ஆள் இருக்கிறது."

ஆளின் பெயர் கொரீன்.
டெல்ஃபினின் முன்னாள் மனைவி.
பதினோராயிரத்துச் சொச்சம் டாலர் பாக்கி என்று
கோர்ட்டுத் தீர்ப்பு வைத்திருக்கிறாள்.
வட்டியோடு வளர்கிறது,
என் மகன் வளர்ந்ததைவிட வேகமாக.

நான் பள்ளிக்கூடச் சமையலறையில்
பத்தொன்பது வருஷம் தட்டுகளில் பீன்ஸ் ஊற்றியவள்.
கரண்டிக்கு ஒரு கல் என்று
மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.
சொக்கோரோவில், கால்வாய் ஓரம்,
மண்சுவர் வீடு, இரண்டரை அறை,
காய்க்க மறுக்கும் ஒரு ஆப்ரிகாட் மரம்.
கொரீனுக்கு அதில் ஒரு கரண்டிகூட இல்லை.

'இந்தச் சொத்தில் எனக்கு இன்றும் என்றும்
யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை.'
மூன்று இடத்தில் கையெழுத்து, ஏழு இடத்தில் முதலெழுத்து.
நோட்டரிப் பெண் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்தாள்,
முகத்தைப் பார்த்தாள்,
"உங்கள் முழுச் சம்மதத்துடன்தானே?"
"அது ஒன்றுதான் இங்கே என்னுடையது" என்றார் டெல்ஃபின்.
அவள் சிரித்தாள்.
நான் பேனாவைப் பையில் போட்டேன்.

வில்லங்கம் ஏதுமில்லை என்று
முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.
எழுபத்தைந்து மைல் அவர் ஓட்டினார்.
மடியில் காகிதம். ரேடியோகூடப் போடவில்லை.

அவர் என்ன தொழில் என்று சொல்லவில்லையே.
மண் பூசுகிறவர்.
இந்தப் பள்ளத்தாக்கில் பாதிச் சுவர்கள்
அவர் உள்ளங்கை வழவழப்பில் நிற்கின்றன.
அவரிடம்தான் சொன்னேன், சுவரைத் தொட வேண்டாம்,
உங்கள் வியர்வையும் பங்காகிவிடுமாம்.

உர்பானோவின் பையனைக் கூலிக்கு வைத்தேன்.
காசோலை, தேதி, ரசீது, ரசீதுக்கு ஒரு ஷூ டப்பா.
பையன் கரணை பிடித்த அழகை
இவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்,
அழைப்பில்லாத கல்யாணத்துக்குப்
பசியோடு வந்தவர் போல,
இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

ஜூலைக் கடைசியில் மழை.
பாலைவனத்து மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை.
இரவு இரண்டு மணி. பக்கத்தில் படுக்கை காலி.
தலைக்கு மேல் காலடி.
வாளி இழுபடும் சத்தம்.
ஈர மண் அறையும் சத்தம்: பத். பத்.
எழுந்துபோய்த் தடுத்திருக்கலாம்.
தடுத்திருக்க வேண்டும்.
போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு
எண்ணிக்கொண்டே கிடந்தேன்.
ஐம்பத்திரண்டில் தூங்கிப்போனேன்.

காலையில் யாரும் பேச்செடுக்கவில்லை.
காபிக் கோப்பையைப் பிடித்திருந்த விரல்களின்
நகக்கண்ணில் என் கூரை இருந்தது.

செப்டம்பரில், மிளகாய் சுடும் கடை வரிசையில்,
எனக்கு இரண்டு ஆள் முன்னால் கொரீன்.
இரும்புக் கூண்டு சுழன்றது, தோல் கருகும் புகை,
இருவருக்கும் கண்ணில் நீர்;
நல்லவேளை, காரணம் சொல்லத் தேவையில்லாத நீர்.
பாக்கியைக் கேட்பாள் என்று
பெர்னடெட் சொல்லிக்கொடுத்த பதிலை
நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

"கூரை பூசினானா?" என்றாள்.
"வடமேற்கு மூலையை விட்டிருப்பான், பார்.
என் வீட்டிலும் விட்டான். பதினான்கு வருஷம்."
மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மிளகாயை வாசலிலேயே போட்டுவிட்டு
ஸ்டூல் போட்டு ஏறினேன்.
வடமேற்கு மூலையில்
உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

டெல்ஃபினிடம் சொல்லவில்லை.
கடைக்குப் போய் நீல வாளி ஒன்று வாங்கினேன்.
நான்கு டாலர் எழுபத்தொன்பது காசு,
என் கணக்கிலிருந்து.
ரசீது டப்பாவில் இருக்கிறது.